அப்பாவின் காதுக்கு அளவு எடுத்திருக்கிறேன்

கும்பகோணம்,
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். பத்தரை மணிக்கு ஊசிகளை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டோவில் வீடு வந்து சேரப் பதினொன்றேகால் ஆகிவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் நாலு மணிக்குத்தான் எழுந்தார். இன்று முகம் தெளிவாக இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அதனால்தான் பின்கட்டில் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அவர் பக்கத்திலேயே இருந்தார். தை மாதம் அப்பாவுக்கு எழுபது முடிகிறது, பீமரத சாந்தியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் இருப்பதிலேயே உசத்தியான ஹெட்போனாக வாங்கிவருகிறேன், எது என்று மட்டும் சொல் என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும். மஸ்கட்டில் இருந்துகொண்டு வாரத்தில் மூன்று நாள் அப்பா அங்கே படுத்திருப்பதை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறாய். ஆனால் உசத்தி எது என்று பார்க்கும் முன்னால் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் நீ அனுப்பிய இயர்பட்ஸ் பீரோவில் இருக்கிறது. அப்பா அதை ஐந்து நாள்தான் போட்டார். நீ கேட்கும்போதெல்லாம் "நன்றாக இருக்கிறதம்மா" என்று சொன்னது உன் மனசு நோகக்கூடாது என்பதற்காக. அந்தப் பொருளில் ஒரு குறையும் இல்லை. அவருடைய நாலு மணி நேரத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்த நாலு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதை நீ முழுதாகப் பார்த்ததில்லை. அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

காலை ஆறரைக்கு இடது கையில் இரண்டு ஊசி ஏற்றுவார்கள். ஃபிஸ்டுலா போட்ட கை அது, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த கை. மேலே விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிர்வது தெரியும். ஒரு ஊசி வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொன்று வழியாகத் திரும்பி வரும். முடியும்வரை அந்தக் கையை மடக்கக்கூடாது. மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான். பிபி பார்க்கும் பட்டையையும் அதில்தான் கட்டுகிறார்கள், ஏனென்றால் ஃபிஸ்டுலா கையில் கட்டக்கூடாது. ஆக, காதிலிருந்து ஒன்று கழன்று விழுந்தால் அவரால் குனிந்து எடுக்க முடியாது. வலது இயர்பட் இரண்டாம் நாளே கட்டிலுக்கு அடியில் உருண்டது. நர்ஸ் பெண் மண்டியிட்டு எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தபோது அவளைக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வண்டி நின்றுபோனால்கூடத் தானே இறங்கிப் பார்க்கிறவர். நான்கு மணி நேரமும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

அதனால் நீ வாங்கப்போகும் ஹெட்போனை அப்பா ஒரே கையால், அதுவும் வலது கையால், தானே மாட்டி, தானே கழற்ற முடிய வேண்டும். எனக்கு இதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும்கூட. பாட்டு எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்பதையெல்லாம் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முப்பத்தொரு வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு அளவு எடுக்காமல் கத்திரியைத் தொட முடியாது. நேற்று இரவு அப்பா தூங்கும்போது இஞ்ச் டேப்பை எடுத்து அவர் காதை அளந்தேன். மேல் மடலிலிருந்து கீழ் மடல்வரை ஆறரை சென்டிமீட்டர். வயதாக ஆகக் காது நீளும். எங்கள் கல்யாண போட்டோவில் அவர் காது இவ்வளவு பெரிதாக இல்லை. தலையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றைக் கடன் வாங்கி, போன வாரம் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வீட்டிலேயே மாட்டிப் பார்த்தோம். அதன் உள்வட்டம் ஆறு சென்டிமீட்டர்தான். இருபது நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. நாற்பதாவது நிமிடம் கழற்றிவிட்டார். காது மடலின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு, கண்ணாடிக் காம்பு அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 254 கிராம். கால் கிலோவை நாலு மணி நேரம் தலையில் சுமப்பது நமக்கே கஷ்டம் என்றால், உடம்பில் சேர்ந்த தண்ணீர் மெஷினில் இறங்கி, பிபி குறைந்து, கழுத்து துவண்டு கிடக்கும் மனிதருக்கு எப்படி இருக்கும்?

நீ சொன்ன ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவுக்கு வரும். அதை மறந்துவிடு. சோனியில் டபிள்யூஎச்-சிஎச்720என் என்று ஒன்று 192 கிராம்தான். பொத்தான்களும் அமுக்குகிற பொத்தான்கள். மேலே விரலால் தடவி இயக்குகிற வகை வேண்டாம் பாப்பா. அப்பா தலையைத் திருப்பும்போது தலையணை உரசி, பாட்டு தானாக நின்றும் ஓடியும் அவரைப் படுத்தும். விரல் நுனி மரத்துப்போன மனிதருக்கு, மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும் பொத்தான்தான் தடவிக் கண்டுபிடிக்க வசதி.

காதின் மேலேயே உட்காரும் சின்ன வட்டம் இன்னும் எடை குறைவு என்று கடைக்காரர் காட்டினார். குருத்தெலும்பை நேராக அழுத்துகிறது, கண்ணாடி போடுகிறவருக்கு அது ஆகாது. கன்னத்து எலும்பு வழியாகக் கேட்கவைக்கும் வகை ஒன்றும் இருக்கிறது. காது திறந்தே இருப்பதால் எனக்கு முதலில் பிடித்திருந்தது. அதன் பட்டை பிடரி வழியாகச் சுற்றிப் போகிறது, தலையணையில் தலை வைத்தால் இடிக்கும். வயர் வைத்தது வேண்டாம் என்று நர்ஸே சொல்லிவிட்டாள். ரத்தக் குழாய்கள் போகும் இடத்தில் இன்னொரு வயர் தொங்கக்கூடாதாம்.

இரைச்சலை அடக்கும் வசதி இருப்பதுதான் உசத்தி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா அதைப் போட்டவுடன், "கொடைக்கானல் மலையில் வண்டி ஏறும்போது காது அடைக்குமே, அந்த மாதிரி இருக்கிறது" என்று எடுத்துவிட்டார். சிலருக்கு அப்படித்தான் இருக்குமாம். அதைவிட முக்கியம், அவருக்கு நர்ஸ் கூப்பிடுவது கேட்க வேண்டும், மெஷின் அலறினால் கேட்க வேண்டும். கால் கெண்டை இழுத்துக்கொண்டாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏதாவது என்றாலும் முதலில் குரல் கொடுக்கிறவர் இவர்தான். அந்த வசதி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பொத்தானை அமுக்கினால் அணைய வேண்டும். அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்காதே.

ஹெட்போன் வாங்கும் முன் காதைச் சோதித்துவிட வேண்டும் என்று போன வாரம் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, கவலைப்படுவாய் என்று. முதலில் இரண்டு காதிலும் குரும்பி எடுத்தார்; இயர்பட்ஸ் அதை இன்னும் உள்ளே தள்ளியிருந்தது. பிறகு ஒரு அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். இடது காது கூடுதலாக மந்தம். பழைய பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கம்தானே இருக்கும், அதனால்தான் என்கிறார் அப்பா. டாக்டர் அதையும் மறுக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காது மந்தமாவது உண்டு, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளாலும் பாதிப்பு வரும், இனி எந்த ஊசி போட்டாலும் கேட்டுக்கொண்டு போடுங்கள் என்றார். அவர் சொன்ன இன்னொன்று உனக்கு உபயோகப்படும். போன் செட்டிங்ஸில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் வசதியும், இடது வலது என்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. எனக்கு அதைத் தேடத் தெரியவில்லை. நீ வரும்போது செய்து கொடு. நாதஸ்வரம் ஒரு பக்கமும் தவில் இன்னொரு பக்கமுமாகப் பதிவு செய்த கச்சேரிகளில் அப்பாவுக்குப் பாதிதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளாக அது நமக்குத் தெரியவே இல்லை.

சத்தத்தையும் ஓர் அளவுக்கு மேல் போகாமல் பூட்டிவிட வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேலே போகப் போக நேரம் மளமளவென்று குறைந்துவிடும். அப்பாவுக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம்தான். ஆனால் கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிற சுபாவம் அவருக்கு.

கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் எல்லா ஹெட்போனும் சுகமாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையும் கண்ணாடி போடுகிறவர்தானே. வாங்கிய அன்றைக்கே அவர் தலையில் மாட்டி, சோபாவில் சாய்ந்து ஒரு மணி நேரம் இருக்கச் சொல். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கட்டும். பிறகு இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கழற்றி மறுபடி மாட்டட்டும். அதில் தடுமாறினால் தயங்காமல் கடையில் மாற்றிக்கொள். மாற்றித் தருவார்களா என்று முன்னாலேயே கேட்டுவிட்டு வாங்கு. பேச மைக் இருக்கிறதா என்றும் பார். அங்கே ஸ்பீக்கரில் போட்டால் ஹால் முழுக்கக் கேட்கும் என்று நீ கூப்பிடும்போதெல்லாம் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாரே, அது இருந்தால் வைக்க மாட்டார். உனக்கு ஆறு மணி என்றால் இங்கே ஏழரை. அவர் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், நீ ஆபீஸுக்குக் கிளம்பியிருக்க மாட்டாய்.

தை பிறந்ததும் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வந்துவிடும். பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடும் காலையில் ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புவார்கள். அது டயாலிசிஸ் நாளில் விழுந்தாலும் அப்பா கேட்க வேண்டும். அதற்குள் வந்துவிடு.

தோல் மாதிரி இருக்கும் உறை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஏற்கெனவே உடம்பெல்லாம் அரிப்பு. வியர்த்துவிட்டால் காதைச் சுற்றிச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார். அதற்கு நானே வழி செய்துவிட்டேன். அவருடைய பழைய எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருக்கிறது. அதில் வட்டமாக வெட்டி நாலு ஜோடி உறை தைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வந்தவுடன் துவைத்துப் போட வசதியாக. வலது காது உறையின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். கண்ணாடியைத் தேடாமல் விரலாலேயே தெரிந்துகொள்வார்.

வாங்கியதும் காது வட்டத்தின் வெளிச் சுற்றளவை ஒரு நூல் வைத்து அளந்து, சென்டிமீட்டரில் எனக்கு மெசேஜ் அனுப்பு. அப்பா இருக்கும்போது போனில் சொல்லிவிடாதே. எலாஸ்டிக் மட்டும் இன்னும் கோக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா