பிறப்புக் குறிப்பு பெற்றோர் கைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருமூளை வாதம் (வளரும் மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு கெடும் நிலை) உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதன்முறை வரும் பெற்றோரிடம், குழந்தை பிறந்ததும் அழுததா என்று நாங்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பாட்டிதான் பதில் சொல்வார்: "உடனே அழலைங்க, டாக்டரம்மா தட்டின பிறகுதான் அழுதான்." அது அரை நிமிடமா, பத்து நிமிடமா என்பது அங்கிருக்கும் எவருக்கும் தெரியாது. கையோடு கொண்டுவந்த மருத்துவமனைச் சீட்டிலோ சுகப்பிரசவம், ஆண் குழந்தை, எடை இவ்வளவு என்பதற்கு மேல் ஒரு வரி இருப்பதில்லை.

இந்த நோய்க்கும் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த விவாதம் பழையது. கடினமான பிரசவம், மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு ஆகியவற்றால் குழந்தைகளின் கை கால்கள் விறைத்துப்போகின்றன என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல் எடுத்துரைத்தார். கருவிலேயே ஏற்பட்ட கோளாறின் அறிகுறியாகவும் பிரசவம் கடினமாகலாம் என்று 1897-இல் மாற்றுக் கருத்துச் சொன்னவர், பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு. 1980-களில் தொடங்கிய பெரிய ஆய்வுகள், வளர்ந்த நாடுகளில் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கே பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணம் என்று காட்டின. குறைமாதம், கருப்பையில் தொற்று, மூளை வளர்ச்சிக் குறைபாடு, கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, பிறந்த பின் வரும் மூளைக்காய்ச்சல் என மற்றக் காரணங்கள் பல.

எனவே, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பெற்றோர் உறுதியாகச் சொல்வதும், எல்லாம் வயிற்றிலேயே வந்தது என்று மருத்துவமனை கைகழுவுவதும், குறிப்பு இல்லாத இடத்தில் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை. (தோள் சிக்கிப் பிறக்கும்போது கை நரம்பு இழுபட்டுக் கை தொங்கிப்போவது பிரசவக் காயந்தான்; ஆனால் அது மூளைப் பாதிப்பு அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணி வருவோர் பலர்.) பழி கடைசியில் தாயின் தலையில்தான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாள் என்பார்கள். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்ற பேச்சும் கூடவே வரும்.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதி. ஆனால் தலை நிற்கவில்லை, குப்புற விழவில்லை என்று தாய் கவலைப்படும்போதெல்லாம், அவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான் என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். நோய் உறுதியாகி, ஆவணம் கேட்கலாம் என்று தோன்றுவதற்குள் அந்தக் கெடுவே முடிந்துவிடுகிறது.

குறிப்பு வழக்காடுவதற்கு மட்டும் உரியதன்று. மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தை என்று எழுதியிருந்தால், மூன்று நான்கு மாதத்திலேயே நாங்கள் அதன் கழுத்தையும், விரியாமல் மூடியிருக்கும் கைவிரல்களையும், துணி மாற்றும்போது கத்தரிபோல் குறுக்கிடும் கால்களையும் பார்த்துப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். பாதிப்பு நேர்ந்த பின் மருந்தால் மாற்றிவிட வழியில்லை. மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தையின் உடலைக் குளிரவைத்து மூளையைக் காக்க முயல்வதும், மேலைநாடுகளில் பயன் தந்ததுமான குளிர்விப்புச் சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வில், ஊனம் குறையவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் இறப்புதான் கூடுதலாக இருந்தது.

ஆகவே, பிரசவ வலி தொடங்கிய நேரம், குழந்தையின் இதயத்துடிப்பு, முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் பெற்ற அப்கார் மதிப்பெண் (மூச்சு, இதயத்துடிப்பு, நிறம், அசைவு முதலியவற்றைப் பார்த்துப் பத்துக்கு இடுவது), மூச்சு வர என்ன செய்தார்கள், எத்தனை நிமிடம் செய்தார்கள், வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை எந்த அளவுக்கு ஏறியது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, தாய் சேய் நல அட்டையோடு இணைத்துக் கொடுப்பதை அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர்கள் தயங்கலாம். அப்கார் குறைந்து பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதால், ஒழுங்காக எழுதப்பட்ட குறிப்பு மருத்துவர்களுக்கும் காப்பாகவே அமையும். பிறந்த குழந்தைகளின் ஆவணங்களுக்கு மட்டுமாவது 3 ஆண்டுக் கெடுவை நீட்டிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
மதுரை.