ஐந்து பெண், ஒரு வீடு

கீழக்கரை
18.6.2025

அன்புள்ள சோடாபுட்டி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெருநாள் வேலை, துபாயிலிருந்து மகள் வந்தது, அவளுடைய இரண்டு வாலுகளை மேய்த்தது என்று பதில் தள்ளிக்கொண்டே போயிற்று. அவர்கள் நேற்றுத்தான் கிளம்பினார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிக் கண்ணாடியே வேண்டாமாமே! இருந்தாலும் உன் பெயரை மாற்றுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

இங்கே கச்சான் காற்று பேயாட்டம் ஆடுகிறது. தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகுகள் போய்வருகின்றன, ஆனாலும் மீன் விலை இறங்கவில்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. நீ வந்தால் ராமேஸ்வரம் வரை சேர்ந்து போகலாம் என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

சரி, படத்துக்கு வருகிறேன். ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து எடுத்த ‘ப்ரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 2005 படத்தை மகன் வீட்டில் பார்த்துவிட்டு நாலு பக்கம் திட்டி எழுதியிருந்தாய். பாதி எனக்கும் சம்மதம். பணக்கார டார்ஸி எலிசபெத்தை முதல்முறை பெண் கேட்பது நாவலில் ஒரு பாதிரியார் வீட்டு அறைக்குள். அந்த நாலு சுவருக்குள் நமக்கே மூச்சு முட்டும். இயக்குநர் ஜோ ரைட் அதைக் கொட்டுகிற மழையில், ஒரு கல் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டாம் முறை எலிசபெத் சம்மதிக்கும் இடத்தில் ஜேன் ஆஸ்டின் அவளைப் பேசவே விடுவதில்லை. மனம் மாறிவிட்டதை அவரே சுருக்கிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். படத்தில் பனிமூட்டம், விடியல், கழுத்துப் பொத்தான் போடாத மாப்பிள்ளை, பியானோ. உனக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. என் மகளும் உன் கட்சிதான். 1995-இல் பிபிசி ஆறு பாகமாக எடுத்ததுதான் அவளுக்கு வேதம். அதிலும் டார்ஸி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வருவது நாவலில் கிடையாது என்று சொன்னேன். அது மட்டும் பரவாயில்லையாம்!

பெருநாளுக்கு மூன்றாம் நாள் இரவு இந்தப் படத்தை எங்கள் முற்றத்தில் ஓட்டினோம். தங்கை மகள் காலேஜ் தோழியிடமிருந்து புரொஜெக்டர் வாங்கி வந்திருந்தாள். ஒரு பெட்ஷீட்டை இரண்டு தூணுக்கு நடுவே கட்டினோம். காற்று உள்ளே இறங்கும்போதெல்லாம் டார்ஸி ஒரு சுற்றுப் பெருத்து மறுபடி மெலிந்தார். தெருவிலிருந்து பதினெட்டுப் பெண்கள், பிள்ளைகள் கணக்கில்லை. இங்கிலீஷ் தெரியாதவர்கள்தான் அதிகம். 31 வருடம் டீச்சராக இருந்த பாவத்துக்கு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

சோதனைகள் பல. ஒரு இடத்தில் எலிசபெத்தின் அப்பா பென்னட் வீட்டுக்குள் பெரிய பன்றி ஒன்று சாவகாசமாக நடந்து போகிறது. நாவலில் அது கிடையாது. இவர்கள் சேறும் சகதியுமான பண்ணை வீட்டுக்காரர்கள் என்று காட்ட இயக்குநர் செய்த வேலை. எங்கள் சின்னம்மா, சாச்சி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள், திரையிலிருந்து இறங்கி வந்துவிடும் என்பதுபோல. டார்ஸி மாளிகையில் நாவல் எலிசபெத் பார்ப்பது அவருடைய ஓவியத்தை. படத்தில் அதைச் சிலைக் கூடமாக்கி, உடுப்பில்லாத பளிங்குச் சிலைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தங்கை மகள் அதை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டாள்.

அப்புறம் வருமானம். டார்ஸிக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு என்று சொன்னேன். அக்கா, எங்கள் லாத்தா, காதில் பவுன் என்று விழுந்திருக்கிறது. “பத்தாயிரம் பவுனா! எம்பது கிலோ தங்கம்டி!” என்று கணக்கே போட்டுவிட்டாள். முற்றமே மூச்சுவிட மறந்தது. திருத்த வாயெடுத்து அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பவுண்டு மதிப்புள்ள இங்கிலீஷ் தங்கக் காசும் ஏறக்குறைய எட்டு கிராம்தானே, நம்ம பவுனே அதிலிருந்து வந்ததுதான். லாத்தாவின் கணக்கு பெரிதாகத் தப்பில்லை. “மாப்பிள்ளைக்கு எங்கே வேலை?” என்றார்கள் அடுத்தபடியாக. வேலை இல்லை, நிலம் என்றேன். “அப்ப ஜமீன்னு சொல்லு” என்று விஷயம் முடிந்தது.

படம் நிஜமாகவே நின்றது வேறு ஒரு இடத்தில். பென்னட் வீட்டை அவருக்குப் பிறகு மகள்கள் யாரும் அடைய முடியாது, ஆண் வழிக்கு என்று எழுதிவைத்த சொத்து, அந்தக் காலின்ஸ் என்ற பங்காளிக்குத்தான் போகும் என்று விளக்கினேன். நம் காலேஜில் இதை ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? இங்கே தாண்ட விடவில்லை.

“அஞ்சு பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு வீட்டப் பங்காளிக்கா குடுப்பாக? அப்ப புள்ளைகளுக்கு வீடு?” என்றார்கள் சாச்சி.

இல்லை என்றேன்.

“ஒண்ணு கூடவா?”

என் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தபோது மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்த ஊர்தான் இது. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். எவ்வளவு ஏழையானாலும் மகளுக்கு ஒரு அறையாவது எழுதிவைக்காமல் நிக்காஹ் பேச்செடுக்க மாட்டார்கள். வீடில்லாத ஐந்து பெண்கள் என்பது எங்கள் தெருவுக்குப் பேய்க் கதை மாதிரி. ஆனால் இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட முடியாது. அந்த வீட்டைக் கட்டத்தான் வாப்பாக்களும் அண்ணன் காக்காமார்களும் ஒரு காலத்தில் கொழும்பிலும் இப்போது வளைகுடாவிலும் ஆயுளைக் கரைக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் சுவர் எழுப்பி இரண்டாக்கி, மாடி போட்டு மூன்றாக்கி... எங்கள் மூவருக்கும் வீடு முடிந்த பிறகுதான் தம்பிக்குக் கல்யாணம், அவனுக்கு 34 வயது.

அதனால்தானோ என்னவோ, அன்றிரவு முற்றம் முழுக்கத் திருமதி பென்னட் பக்கம் சாய்ந்துவிட்டது. எலிசபெத்தாக நடித்த கீரா நைட்லிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, நம் ஆட்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. “புள்ள காஞ்சு கெடக்கு, சோறு போடமாட்டாகளா?” என்பதோடு சரி. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவாக நடித்த பிரெண்டா பிளெத்தினை. கல்யாணம் தவிர வேறு நினைப்பே இல்லையா என்கிற மாதிரி எலிசபெத் கேட்க, உனக்கு ஐந்து மகள்கள் இருந்தால் வேறு எது மண்டைக்குள் ஓடும் என்று சொல், அப்போது புரியும் என்று அந்தம்மா திருப்பிக் கொடுக்கிறாள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் “அதான!” என்று நாலைந்து குரல். மூத்த மகள் ஜேனை மழையில் குதிரையேற்றி அனுப்பி, ஜுரம் வந்து பணக்கார வீட்டிலேயே தங்கும்படி செய்கிறாளே, அதற்குக் கைதட்டே கிடைத்தது. “இந்தப் படத்துல நனைஞ்சவளுக்கெல்லாம் மாப்பிள்ள கெடைக்கிது” என்றாள் தங்கை மகள். மாமியின் சாமர்த்தியம் பற்றிப் பேச்சு ஓடியதில் இரண்டு காட்சிகள் மொழிபெயர்ப்பே இல்லாமல் போய்விட்டன.

நம் வகுப்பில் அந்தப் பெண்மணியை எப்படிப் படித்தோம்? அறிவு மட்டம், விவரம் போதாது, குணம் ஒரு நிலையில் இல்லை என்று முதல் அத்தியாயக் கடைசியில் ஆஸ்டின் வாரிவிடுகிற வரியை அடிக்கோடிட வைத்தார்கள். அடிக்கோடிட்டோம், சிரித்தோம், பரீட்சையில் ‘நகைச்சுவைப் பாத்திரம்’ என்று எழுதி மார்க் வாங்கினோம். அதே புத்தகத்தில் கணக்கும் இருக்கிறது. தகப்பனுக்கு வருடம் இரண்டாயிரம் பவுண்டு. மகள்களுக்கு அம்மா செத்த பிறகு ஆளுக்கு ஆயிரம், அதற்கு நாலு சதவீத வட்டி. வருடம் 40 பவுண்டு! பெண் கேட்க வந்த காலின்ஸே அதை எலிசபெத்திடம் சொல்லிக்காட்டுகிறார். அந்த 40-ஐ மனதில் வைத்துக்கொண்டு கத்துகிறவளை நாம் கோமாளி என்றோம்.

காலின்ஸைக் கட்டிக்கொள்கிற எலிசபெத்தின் தோழி சார்லட் விஷயத்தில் உன்னோடு சண்டை போடாமல் விடமாட்டேன். படத்தில் அவள் 27 வயது, காசில்லை, பெற்றவர்களுக்குப் பாரம், பயமாக இருக்கிறது, என்னை எடைபோடாதே என்று குரல் நடுங்கப் பேசுகிறாள். நாவலில் அவளுக்கு இந்த நடுக்கம் கிடையாது. நான் கனவு காண்கிறவள் இல்லை, வசதியாக ஒரு வீடு போதும் என்று அமைதியாகச் சொல்வாள். அழவைப்பதற்காகப் படம் அவளைச் சின்னதாக்கிவிட்டது என்பது உன் கட்சி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த இடத்தில் லாத்தா எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அவளுக்குக் கல்யாணமானது 29 வயதில். வெளியே எப்போதும் நாவல் சார்லட் மாதிரிதான் இருப்பாள், ஒரு சொல் பிசகாது. திரும்பி வந்து உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு சரியாத்தான் செஞ்சிச்சு” என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இளசுகளின் தீர்ப்பையும் எழுதிவிடுகிறேன். எலிசபெத்தை வண்டியில் ஏற்றிவிட டார்ஸி கைகொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது விரல்களை விரித்து மடக்குகிறாரே, அந்த ஒரு நொடிக்காக மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். நாவலில் இல்லாத அசைவு. நானும் மூன்று தடவையும் பார்த்தேன், உன்னிடம் சொல்ல வெட்கமென்ன. கடைசியில்தான் கலவரம். இங்கிலாந்துத் தியேட்டர்களில் படம் பென்னட் தன் அறையில் உட்கார்ந்து சிரிப்பதோடு முடிந்ததாம். அமெரிக்காவில் மட்டும் டார்ஸி மாளிகையில் முத்தக் காட்சி ஒன்று கூடுதல். எங்களுடையது அமெரிக்கப் பிரதி. மகள் பாய்ந்து போய் புரொஜெக்டர் முன்னால் கையை வைத்தாள். பெட்ஷீட் முழுக்க ஐந்து விரல்.

என் குறை ஒன்றுதான், அது நீ எழுதாத குறை. படம் பென்னட்டைத் தப்பவிட்டுவிட்டது. போன வருடம் காலமானாரே டொனால்ட் சதர்லேண்ட், அவர் அந்த வேடத்தில் அத்தனை கனிவு. நாவலில் ஆஸ்டின் அவரை விடுவதில்லை. மகன் பிறப்பான், அவன் பெரியவனானதும் சேர்ந்து அந்தச் சொத்துக் கட்டை முறித்துக்கொள்ளலாம் என்று நம்பிச் சேமிக்காமலே இருந்துவிட்டார். ஐந்தும் பெண்ணாகி, இனி மகன் இல்லை என்று தெரிந்தபோது சேமிக்கக் காலம் கடந்துவிட்டது. அவர் புத்தகத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே நின்று கத்துகிற வேலை பெண்டாட்டிக்கு.

மறுநாள் காலை உம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு வாயே திறக்கவில்லை, தூங்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். “அந்த வாப்பா நல்ல மனுசந்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுறாக. ஒரு செங்கல் எடுத்து வைக்கலையே” என்றார்கள். எங்கள் வாப்பாவை உனக்குத் தெரியும். எனக்குப் படிக்கிற கிறுக்கு அவர்களிடமிருந்து வந்தது. கொழும்புக் கடையிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டி நிறையப் புத்தகம் வரும். தங்கைக்கு மாடி எழும்பியது உம்மாவின் எட்டு வளையலிலும் ஒரு காசுமாலையிலும். உம்மா எந்த வாப்பாவைச் சொன்னார்களோ. நானும் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

உங்கள் சிவகங்கை ஞாபகமும் வந்தது. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-இல் இறந்தபோது அண்ணன் வழி ஆண்கள் ஜமீனை எடுத்துக்கொள்ள, மகள் காத்தம நாச்சியார் வழக்காடி 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் மேல்கோர்ட்டில் ஜெயித்தாரே. காலின்ஸைத் தோற்கடித்த பெண் நம் பழைய ராமநாதபுரம் சீமையில் இருந்திருக்கிறார், அதுவும் லண்டன் தீர்ப்பில்! இதை வகுப்பில் யாராவது சொன்னார்களா? 2000-இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ உனக்குப் பிடிக்கும். ஆஸ்டினின் இன்னொரு நாவலைக் காரைக்குடிப் பக்கம் கொண்டுவந்து, அந்தப் பெரிய வீட்டை விட்டுப் பெண்கள் வெளியேறுவதை அத்தனை சோகமாக எடுத்திருப்பார்கள். அப்போது நீ அழுதாய். பென்னட் வீட்டுக்கு மட்டும் ஏன் அழவில்லை?

ஒரு வேண்டுகோள். கடைசி வருடம் என் ‘ப்ரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பிரதியை வாங்கிக்கொண்டு போனவள் இன்னும் தரவில்லை. இந்த டிசம்பர் 16-ஆம் தேதி ஆஸ்டினுக்கு 250 வயது, அதற்குள்ளாவது கொடுத்தனுப்பு. திருமதி பென்னட் வருகிற இடங்களில் ஓரத்தில் பென்சிலால் என்னென்ன எழுதினேன் என்று பார்க்க வேண்டும். நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. உம்மா உனக்கென்று தொதல் எடுத்துவைத்திருக்கிறார்கள், வரவில்லையென்றால் பார்சலில் போடுகிறேன். கண்ணில் மருந்தை மறக்காமல் விடு, வெங்காயம் பக்கம் போகாதே.

உன்
கீழக்கரைக்காரி