ஸ்டாக்ஹோமிலிருந்து அப்பாவுக்கு

ஸ்டாக்ஹோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன் பண்ணும்போதெல்லாம் "சாயங்காலத்துல தனியா உட்கார்ந்து என்னடா பண்றே?" என்று அம்மா கேட்கிறாள். போனில் சொன்னால் அவளுக்கும் புரியாது, எனக்கும் சொல்ல வராது. உங்களுக்கு எழுதினால் நீங்கள் அவளுக்கு விளக்கிவிடுவீர்கள்.

இங்கே டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு. ஜூனில் நேர்மாறு, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. மனிதர்கள் நல்லவர்கள்தான், ஆனால் தாங்களாக வந்து பேசமாட்டார்கள். பேச ஒரு சாக்கு வேண்டும். எனக்குக் கிடைத்த சாக்கு மரக்கப்பல்.

மேஜைமேல் வைக்கிற மாதிரிக் கப்பலைத்தான் சொல்கிறேன். வெட்டிய சட்டங்கள், பலகைக் கீற்றுகள், நூல், பித்தளைச் சாமான்கள், வரைபடம் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். இத்தாலி, ஸ்பெயின், டென்மார்க், அமெரிக்கா என்று பல நாடுகளில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பொம்மையைப் போலச் சொருகி முடிக்கிற சமாசாரம் இல்லை. அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், வளைக்க வேண்டும், ஒட்ட வேண்டும். அளவு சின்னதே தவிர, உங்கள் தச்சுத் தொழில்தான்.

ஆசை பிறந்தது வாசா மியூசியத்தில். நீங்கள் இங்கே வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். வாசா என்பது சுமார் ஆயிரம் ஓக் மரங்களை வெட்டிக் கட்டிய போர்க்கப்பல், 64 பீரங்கிகள். 1628 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் பயணம் கிளம்பி 1,300 மீட்டர் போவதற்குள், கரையில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றில் சாய்ந்து மூழ்கிவிட்டது. மேலே பாரம் அதிகம், அதைத் தாங்க அடியில் அகலம் போதவில்லை. 1961-ல்தான் வெளியே எடுத்தார்கள். 333 வருஷம் தண்ணீருக்குள் கிடந்தும் மரம் அப்படியே இருக்கிறது! பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கிற கப்பல்புழு அங்கே பிழைக்காதாம். ஊறிய மரம் காய்ந்தால் வெடிக்கும் என்று நீங்கள் உடனே கேட்பீர்கள். அதற்காக மெழுகு மாதிரியான ஒரு ரசாயனத்தைத் தண்ணீரில் கரைத்து 17 வருஷம் தெளித்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. அவற்றில் இரண்டு கோல்கள் ஸ்வீடன் அடிக் கணக்கு, அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டும் ஆம்ஸ்டர்டாம் அடிக் கணக்கு, அடிக்கு 11 அங்குலம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இல்லை என்று பிற்பாடு அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வேலைக்கு ஒரே டேப்தான், இரவல் டேப்பைத் தொடாதே என்று பட்டறையில் நீங்கள் கத்துவீர்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே நின்றபோது தெரிந்தது.

அந்த வாசாவையே பெட்டியாக வாங்கலாம் என்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். ரிட்டயரானவர், அலமாரி நிறையக் கப்பல் வைத்திருக்கிறார். "முதல் கப்பல் முடிகிற கப்பலாக இருக்கட்டும்" என்றார். பெரிய பெட்டியை ஆசையாக வாங்கி, விலா எலும்போடு நிறுத்தி, பரணில் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களாம். அவர் சொல்லித்தான் இரண்டு பாய்மரச் சின்னக் கப்பலாகப் பார்த்து வாங்கினேன். அளவு 1:50. நிஜக் கப்பலில் ஐந்து சென்டிமீட்டர், இதில் ஒரு மில்லிமீட்டர். சராசரி உயரமுள்ள ஆள் இந்தத் தளத்தில் மூன்றரை சென்டிமீட்டர்தான் இருப்பான். கருவிக்கும் தனியாகச் செட்டு வாங்காதே என்று தடுத்துவிட்டார். கூர்மையான கத்தி, பொடி ரம்பம், ஊசி அரம், கையால் சுழற்றும் துளைக்கருவி, இடுக்கி, உப்புத்தாள், துணி கிளிப். இதற்குமேல் தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கூடவே வரும் குறிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போய்வந்ததோ தெரியாது. கொடிக்கம்பத்தை எப்படி ஒட்டுவது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். மாதக்கணக்கில் இழுக்கிற வேலைக்கு ஒரே வரி: "இப்போது பலகைகளைப் பொருத்தவும்." சமர்த்தன்! வரைபடம் மட்டும் நல்ல வரைபடம், அதை நம்பலாம்.

முதலில் ஏரா என்கிற அடிமரம், பிளைவுட்டில். அதில் வெட்டியிருக்கும் காடிகளில் குறுக்குச் சட்டங்கள், அதாவது கப்பலின் விலா எலும்புகள், வரிசையாக உட்காரும். லேசரில் வெட்டியதால் விளிம்பெல்லாம் கருகியிருக்கும். ஒட்டுகிற இடத்தில் அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சும்மா செருகி, மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் முழுக் கப்பலையும் தீர்மானிக்கிற வேலை. சட்டங்களின் விளிம்பு நேராக வெட்டியிருக்கும், பலகையோ முன்முனைக்கும் பின்முனைக்கும் வளைந்து போகும். அதனால் ஒவ்வொரு விளிம்பையும் அந்தந்த இடத்துச் சாய்வுக்கு ஏற்றபடி தேய்க்க வேண்டும். ஒரு மெல்லிய கீற்றைச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் பிடித்துப் பார்க்கிறேன். எல்லா விளிம்பிலும் படிந்து உட்கார்ந்தால் சரி. எங்காவது எம்பி நின்றாலோ, நடுவில் இடைவெளி தெரிந்தாலோ மறுபடி உப்புத்தாள். ஒரு சட்டம் தாழ்ந்துவிட்டால் அதன்மேல் மெல்லிய கீற்றை ஒட்டித் தேய்க்கலாம். பெரியவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிகிறது.

பலகை ஒட்டுவதில் இருக்கும் சூட்சுமம் இது: கப்பலின் நடுவயிற்றில் சுற்றளவு அதிகம், முன்முனையில் குறைவு. மேலிருந்து கீழ்வரை அதே எண்ணிக்கைப் பலகைகள் இரண்டு இடத்திலும் அடங்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகையும் முன்முனைக்குப் போகப்போக அகலம் குறைய வேண்டும். அங்கே சட்டத்தின் விளிம்பை ஒரு காகிதக் கீற்றால் அளந்து, பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அகலம் கிடைக்கும். பாதிக்குக் கீழே குறைக்கக்கூடாது என்பது பொதுவான விதி. அதற்கும் கீழே போகிற மாதிரி இருந்தால், இரண்டு பலகையை அங்கே ஒன்றாக முடித்துவிடலாம். அகலம் குறைக்காமல் வளைத்து ஒட்டினால் பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தட்டையான பக்கம் வளைய மரம் சம்மதிக்கும், விளிம்புவாக்கில் வளையச் சம்மதிக்காது என்று நீங்கள் சொல்வதேதான். தண்ணீரில் ஊறப்போட்டு, சூடு காட்டி, வளைத்துக் கிளிப் போட்டுக் காயவிடுகிறேன். இடது பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலது பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் அடிமரமே முறுக்கிக்கொள்ளும்.

இந்த முதல் அடுக்கு லைம் மரம் (எலுமிச்சை இல்லை, அந்தப் பெயரில் வேறொரு மரம்), ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இதற்குமேல் அரை மில்லிமீட்டர் வால்நட் அடுக்கு வருகிறது. அதனால் முதல் அடுக்கில் சந்து இருந்தாலும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துத் தேய்த்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இரட்டை அடுக்குக் கப்பல்தான் நல்லது என்பேன். மேல்தளப் பலகைகளின் விளிம்பில் பென்சிலால் கருப்படித்து ஒட்டினால், நிஜக் கப்பலில் பலகைகளுக்கு நடுவே நார் திணித்துக் கீல் என்கிற தார் பூசின கோடு மாதிரியே தெரிகிறது. இது மிகச் சுலபம், பார்க்கிறவர்களோ இதைத்தான் முதலில் மெச்சுகிறார்கள். விலாவைத் தேய்த்த உழைப்பு ஒருத்தர் கண்ணிலும் படாது!

கயிறு வேலை இன்னும் தொடங்கவில்லை, பெரியவரின் கப்பலில் பார்த்து வைத்திருக்கிறேன். பாய்மரத்தை இழுத்து நிறுத்துகிற கயிறுகள் கீல் பூசியவை, அதனால் கருப்பு. பாயை ஏற்றி இறக்குகிற கயிறுகள் பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். மாலுமிகள் ஏறுகிற கயிற்றேணியில் படிக்குப் படி, குறுக்கே வருகிற ஒவ்வொரு கயிற்றிலும் முடிச்சுப் போட வேண்டும். நிஜத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் அடிக்கு ஒரு படி, என் கப்பலில் ஏழெட்டு மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு கட்டினால் இடைவெளி பிசகாது. அவர் முடிச்சுப் போடும்போது அரை மணி நேரம் வாயே திறப்பதில்லை. அப்புறம் திடீரென்று மகளைப் பற்றிப் பேசுவார். என் ஸ்வீடிஷ் பாதி அவரிடம் கற்றதுதான். ஆபீசில் நான் கப்பல் சாமான் பெயர்களை மட்டும் சரளமாகச் சொல்வதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இப்போது எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. பாய்மரத்துக்கு உருளைக் குச்சி கொடுத்திருக்கிறான். அடி ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நுனி நான்கு. துளைக்கருவியில் மாட்டிச் சுழற்றி உப்புத்தாளைப் பிடி என்று பலர் சொல்கிறார்கள். பெரியவருக்கு அது பிடிக்காது. சதுரக் குச்சியை எடுத்து, சரிவாக இழைத்து, எட்டுப் பட்டையாக்கி, அதற்கப்புறம் உருட்டு என்கிறார். எட்டுப் பட்டைக்குக் கோடு போடுவதில் நீங்கள் ஒரு கணக்கு வைத்திருப்பீர்களே, கட்டில் காலுக்குப் போடுவது, அதை ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். நுனி ஒல்லியாகப் போகும்போது கோடு எப்படி மாறும் என்பதையும் சேர்த்து வரையுங்கள். இவ்வளவு சின்னக் குச்சியைப் பிடித்துக்கொள்ள என்ன தாங்கி செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

அம்மாவை வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லுங்கள். நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்