அச்சுக்கு முன் வாசித்தவர்களுக்கு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் வாட்ஸ்அப் கதைக் குழுவில் நீங்கள் படித்துக் குறிப்பு எழுதித் தந்த என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. நூலில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் கிடைத்தது. அதில் உங்கள் ஊர்களையும் தொழில்களையும் வரிசையாகக் குறிப்பிட முடிந்ததே தவிர, யார் என்ன செய்தீர்கள் என்று சொல்ல இடமில்லை. அதை எல்லாரும் படிக்கும்படி எழுதிவைக்க விரும்புகிறேன். புதிதாக எழுத வந்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தமக்கும் இப்படி ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டால் மிகவும் மகிழ்வேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு கதை எழுதுபவளுக்கு இலக்கியக் கூட்டம் என்பது செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் ஒன்றாகவே வெகுகாலம் இருந்தது. ஞாயிறு மாலை சென்னையில் கூட்டம் என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் போக ஓர் இரவு, வர ஓர் இரவு. திங்கட்கிழமை முதல் பாடவேளை எனக்கு. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். இதில் யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் இடங்கள் எல்லாமே, மாலைப்பொழுதைத் தமக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்காக அமைந்தவை என்பது மட்டும் உண்மை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். எங்கள் மாவட்டத்தில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இடைசெவல். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர். இளமை முதல் நண்பர்கள். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ஒருவருக்கு 1970-இல், மற்றவருக்கு 1991-இல். ஒரு சின்னஞ்சிறு கரிசல் கிராமத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாசகராக வாய்த்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெருவில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நீங்கள் கைப்பேசியில் வாய்த்தீர்கள்.

முதல் நன்றி மதுரையில் இருக்கும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஐயாவுக்கு. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் குழு என்றால் காலை வணக்கப் படமும் வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதும்தான் என்று இருக்கும் நாளில், இந்தக் குழுவை அவர் எழுத்துக்காக மட்டுமே காத்துவருகிறார். வாரம் ஒரு கதை. செவ்வாய்க்கிழமை இரவு கதை வரும். அதை எழுதியவர் இரண்டு நாள் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. படித்தவர்கள் 'அருமை' என்றோ கைகூப்பும் படம் போட்டோ ஒதுங்கிவிடக் கூடாது. கதையிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டி, அது தம்மை என்ன செய்தது, அல்லது ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று எழுத வேண்டும். தன் கதையைப் போடுவதற்கு முன் குறைந்தது இரண்டு பேரின் கதைகளைப் படித்துக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை ஐயா எவ்வளவு கறாராக நடத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இந்தக் குழுவில் கிடைத்தவற்றுள் பெரியது எது என்று கேட்டால் இந்த விதியைத்தான் சொல்வேன். அடுத்தவர் கதையில் ஒரு பத்தி ஏன் தொய்கிறது என்று கண்டுபிடித்து, அவர் மனம் நோகாமல், அதே நேரம் மழுப்பாமல் எழுதிப் பழகியபோதுதான் என் பத்திகளை எனக்குப் படிக்கத் தெரிந்தது. இணையத்தில் பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கவிதையைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நூறு இதயங்கள் வந்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஒருவர் தன் வேலையெல்லாம் முடிந்த பிறகு, உறக்கத்தை ஒத்திவைத்து, முன்பின் பார்த்திராத ஒருத்தியின் கையெழுத்துப் பிரதியைக் கடைசி வரி வரை படிப்பது வேறு வகை அன்பு.

என் கதைகள் உப்பளங்களைச் சுற்றி நடப்பவை. அளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தாலும் அளத்துக்குள் வேலை செய்தவள் அல்ல நான். அந்த இடைவெளியை நிரப்பியவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணாச்சி. ஒருகாலத்தில் எங்கள் ஊர் அளம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஒரே ஊர்க்காரர்களாகிய நாங்கள் அறிமுகமானது இந்தக் குழுவில்தான். அவருக்குத் தட்டச்சு வராது. குரல் பதிவாகத்தான் அனுப்புவார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும் உவர்நீரைத் தெப்பம் என்னும் தேக்கத்தில் நிறுத்தி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டவைக்கும் முறையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். நீரின் உப்பு அடர்த்தியைப் 'போமே' டிகிரியில் சொல்வார்கள். கடல் நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி. அதை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே வருவார்கள். இருபத்தைந்து டிகிரியைத் தொட்டதும் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்து ஒதுங்கிவிட்டிருக்கும். இருபத்தொன்பதைத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும், அந்த நீரை வடித்துவிட வேண்டும். "இந்த நாலு டிகிரிக்குள்ளேதான் அம்மா அத்தனை பேருடைய கூலியும் இருக்கிறது" என்று ஒரு பதிவில் சொன்னார். என் நான்காவது கதையில் முதலாளியும் கங்காணியும் சண்டையிடும் இடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. விடிவதற்கு முன்பே வாருபலகையோடு பாத்தியில் இறங்குவது வெக்கைக்குப் பயந்து மட்டும் அல்ல, வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது என்று சொன்னவரும் அவரே. அண்ணாச்சி, உங்கள் குரல் பதிவுகள் அத்தனையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவை தனியாக ஒரு நூலாக வேண்டியவை. எழுதிக்கொடுக்க நான் இருக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் அக்காவுக்கு அடுத்த நன்றி. என் முதல் மூன்று கதைகளையும் படித்துவிட்டு அவர் அனுப்பிய குறிப்பு ஒரே ஒரு கேள்விதான்: "காலையிலிருந்து மதியம் வரை இந்தப் பெண்கள் அளத்தில் நிற்கிறார்களே, எங்கே ஒதுங்குவார்கள்?" கண்ணுக்கு எட்டிய தூரம் வரப்பும் பாத்தியும். ஒரு மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. அதனாலேயே பலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்றும், அந்த வெயிலில் அப்படி அடக்கிக்கொள்வது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் எப்படிக் கெடுக்கிறது என்றும், தம்மிடம் வந்து போகும் பெண்கள் அதை எவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள் என்றும் பிறகு நெடுநேரம் பேசினார். தொகுப்பின் தலைப்புக் கதை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. தண்ணீர்ச் செம்பை வரப்பில் வைத்துவிட்டு அதைத் தொடாமலே வேலை செய்யும் செல்லம்மாளை எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள், அக்கா. அந்தக் கதையை யாராவது பாராட்டும்போது உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த முகத்தை நான் குழுவின் சிறிய வட்டப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சிக்கு நான் பட்ட கடன் இரண்டு. ஒன்று, நூல் முழுவதையும் மெய்ப்புப் பார்த்துத் தந்தது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாவற்றையும் அவள் பொறுமையாகக் குறித்திருந்த பக்கங்களை என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டாவது, ஆனையிறவு. அவளுடைய அம்மம்மாவின் குடும்பம் இலங்கையின் வடக்கே உள்ள ஆனையிறவு உப்பளத்தை நம்பி இருந்த குடும்பம். போரினால் அந்த அளம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததையும், அங்கே வேலை செய்தவர்கள் சிதறிப் போனதையும் அவள் எழுதி அனுப்பியபோது, உப்பைப் பற்றி எழுதுவது என் ஊரை மட்டும் எழுதுவது அல்ல என்று புரிந்தது. ஈழத்துப் பழைய சிற்றிதழ்களை 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டத்தில் தேடிப் படிக்க வைத்தவளும் அவளே. 2005 முதல் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகச் சேர்த்துவைத்திருக்கும் அந்தச் செல்வத்தை, தூத்துக்குடியில் என் சமையலறை மேசையில் இருந்தபடி படிக்கிறேன்.

இங்கே சற்று நின்று, நம் குழுவில் இல்லாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கணினியில் தமிழ் எழுதுவதே பெரும்பாடாக இருந்த 1980-களில் மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனுக்கும், 1998-இல் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரத்துக்கும், அவரோடு சேர்ந்து பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்களுக்கும், 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க நாட்களில் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்த இ. மயூரநாதனுக்கும் தமிழில் எழுதும் நாம் எல்லாருமே கடன்பட்டவர்கள். முகம் பாராமல் ஒருவருக்கொருவர் உழைத்துக் கொடுக்கலாம் என்ற வழக்கத்தை நமக்கு முன்பே நடத்திக் காட்டியவர்கள் இவர்கள். என் பழைய கதைகள் டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்தவை, கைப்பேசியில் திறந்தால் வெறும் குப்பை எழுத்துகளாகத் தெரியும். அவற்றையெல்லாம் ஒரே வார இறுதியில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, விடுபட்ட எழுத்துகளைக் கையால் திருத்தி அனுப்பிய சிங்கப்பூர்த் தம்பியும் அந்த வழியில் வந்தவர்தான்.

சென்னை வழக்கறிஞர் தோழி செய்த உதவியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். முதலில் நூலைக் கேட்ட பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்று ஒரு வரி இருந்தது. முதல் நூல் வருகிறது என்ற மகிழ்ச்சியில் யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தோழி அதைப் படித்துவிட்டு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எனக்குப் பாடம் நடத்தினார். உரிமையை ஒருவருக்குக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. எழுதியவர் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகள் வரை அது அவர் வாரிசுகளின் சொத்து. "உங்கள் பேரப்பிள்ளைகளின் சொத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிக் கொடுக்கிறீர்கள்" என்றார். அச்சு உரிமையை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கொடுப்பது, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை நானே வைத்துக்கொள்வது, ராயல்டி எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குவது என அவரே மாற்று ஒப்பந்தம் எழுதித் தந்தார். அந்தப் பதிப்பகம் ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சி நண்பர் அறிமுகம் செய்துவைத்த இப்போதைய பதிப்பாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்திட்டார். தனியாக இருந்திருந்தால் இந்த இரண்டில் எதுவுமே எனக்கு வாய்த்திருக்காது.

கும்பகோணம் சாருக்கும் ஒரு சொல். கடைசிக் கதையின் முடிவை மாற்றச் சொல்லி நீங்கள் என்னோடு நீண்ட விவாதம் நடத்தினீர்கள். உங்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் நான் மாற்றவில்லை, அந்தப் பெண் அளத்துக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பிறகும் முன்பதிவில் முதல் ஆளாகப் பத்துப் பிரதிகள் வாங்கி உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். கருத்து வேறுபாட்டை இவ்வளவு பெருந்தன்மையோடு நடத்தத் தெரிந்தவர்கள் இருப்பதால்தான் நம் குழுவில் துணிந்து எழுத முடிகிறது.

பிரதிகளை இந்த வாரம் அஞ்சலில் சேர்க்கிறேன். யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போக வேண்டியவை சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சிக்கு எழுத்து சிறிதாக இருந்தால் சொல்லுங்கள், பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பிவைக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கோவில்பட்டித் தம்பியின் கதை. அவருக்கு இது முதல் முறை என்று ஐயா சொன்னார். வியாழன் இரவுக்குள் என் குறிப்பு வந்துவிடும். நீங்களும் நேரம் ஒதுக்கிப் படித்து எழுதுங்கள்.

நிறைந்த நன்றியுடன்,
உங்கள் தூத்துக்குடி ஆசிரியை