போ போய்விட்டான்

ஸ்காபரோ
25 ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

பார்சலில் மேலே இருப்பது புழுக்கொடியல். கீழே மிளகாய்த்தூள், இரண்டு பை போட்டுக் கட்டியிருக்கிறேன். பிரித்தவுடன் போத்தலில் கொட்டி வை. கல்கரியில் மைனஸ் இருபது என்று ரீவியில் சொன்னார்கள். காலையில் வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

போ போய்விட்டான், எங்கள் டொரொண்டோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் போ பிஷெட். உனக்குத் தெரியாமல் இருக்காது. போன கிழமை வியாழன் இரவு, எங்கள் அணிக்கு வருவார் என்று பார்த்திருந்த டக்கர் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்குப் போனார், நாலு வருடம், 240 மில்லியன் டொலர். டிசம்பரில் புளோரிடாவில் டனீடினுக்கு வந்து எங்கள் பயிற்சி இடத்தையெல்லாம் சுற்றிப் பார்த்த மனிதர். சரி, பெண் பார்க்க வந்து பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகிறவர்களை நாங்கள் காணாததா என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். வெள்ளிக்கிழமை போ நியூயோர்க் மெட்ஸ் அணிக்கு. மூன்று வருடம், 126 மில்லியன். "பிள்ளைக்குப் போ என்று பெயர் வைத்தால் போகாமல் என்ன செய்வான்" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2016-இல் பதினெட்டு வயதில் எங்கள் அணி எடுத்த பிள்ளை. உன்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. அவனோடு விளையாடிய விளாடிக்குப் போன ஏப்ரலில் 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். போவிடம் என்ன கேட்டார்கள்? ஒரு வருடம் நில், 22 மில்லியன் சொச்சம் தருகிறோம் என்று ஒரு கேள்வி. அது விதியில் இருப்பதால் கேட்கிற கேள்வி. வேண்டாம் என்று அவன் சொன்னால் இவர்களுக்குப் பதிலுக்கு ஒரு புதுப் பெடியனை எடுக்க இடம் கிடைக்கும், அதற்காகக் கேட்பது. நான் ஒவ்வொரு இரவும் உனக்குச் "சாப்பிட்டியா" என்று மெசேஜ் போடுகிறேனே, அதுவும் ஏறக்குறைய அந்த வகைதான் என்று இப்போது படுகிறது.

அவன் முழங்காலை நினைத்துப் பார். செப்டெம்பர் 6-இல் நியூயோர்க்கில் அடிபட்டது. ஏழு கிழமை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, ஓட முடியாத காலோடு, டொட்ஜர்ஸோடு நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர்களுடைய ஒஹ்தானியின் பந்தையே தூக்கி அடித்து மூன்று ஓட்டம் கொண்டுவந்தான். எல்லோரும் துள்ளினார்கள். நான் அவன் காலைத்தான் பார்த்தேன். நோகிறது என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சிரித்துக் காட்டுவது கெட்டித்தனம் இல்லை. உனக்கும் சின்னனிலிருந்து அந்தப் பழக்கம் உண்டு. கை முறிந்ததை இரண்டு நாள் மறைத்தவன் நீ.

மற்றபடி இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பந்து எறிகிற சீஸுக்கு ஏழு வருடம், 210 மில்லியன். போன வருடம் அவருடைய கணக்கில் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ஓட்டம் சராசரி 4.55, அவ்வளவு நல்லதில்லை. ஆனால் 215 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருக்கிறார், அதற்குத்தான் இந்தக் காசு. எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ரொஜர்ஸ் என்று ஒருவர், குனிந்து முற்றம் கூட்டுவதுபோல் எறிவார், வேகமே கிடையாது. அவரை எனக்குப் பிடிக்கும். மூன்றாவது பேஸுக்கு யப்பானிலிருந்து ஒகமோட்டோ, நாலு வருடம், 60 மில்லியன். எல்லா அணிகளின் சின்னங்களையும் தன் சின்ன மகளுக்குக் காட்டினாராம், பிள்ளை எங்கள் சின்னத்துக் குருவியைத்தான் பிடித்திருக்கிறது என்றதாம். உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருந்தது.

எங்கள் ஆட்கள் எடுத்த இன்னொரு பந்து எறிகிறவர் போன்ஸைப் பற்றிப் படித்தாயா? படிக்காவிட்டால் படி. 2020, 21-இல் பிட்ஸ்பர்க்கில் இருந்தவர், சரிவரவில்லை. பிறகு மூன்று வருடம் யப்பான். அங்கேயும் ஆகா ஓகோ என்று ஒன்றும் இல்லை. போன வருடம் கொரியாவுக்குப் போனார். 17 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, 252 ஸ்ட்ரைக் அவுட், அங்கே அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர். இப்போது இங்கே மூன்று வருடத்துக்கு 30 மில்லியன். முப்பது வயது தாண்டியவர். இடையில் அந்த மனிதரை அவர் அம்மா என்ன கேட்டிருப்பா, அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஓர் இடத்தில் வேண்டாம் என்று சொன்னால் அது அந்த இடத்தின் பேச்சு, அவ்வளவுதான். இதை நான் பேஸ்போலுக்குத்தான் சொல்கிறேன்.

உன் கூட்டாளியின் அம்மாவைத் தமிழ்க் கடையில் கண்டேன். உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தா. நான் முருங்கைக்காய் என்ன விலை என்று பேச்சை மாற்றிவிட்டேன். எதுவானாலும் உன் வாயால்தான் நான் கேட்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

நவம்பர் 1 இரவு, அந்த ஏழாவது ஆட்டம் முடிய, நீ கோல் எடுத்தாய். இங்கே பன்னிரண்டு தாண்டிவிட்டது, எங்கள் கேர்க் அடித்த பந்து இரட்டை அவுட்டாகி, தோற்று எல்லாம் முடிந்துபோயிருந்தது. நீ அழுதாய். "விளையாட்டுத்தானே தம்பி, இதுக்கு ஆரும் அழுவினமோ, போய்ப் படு" என்றேன். "சரி அம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து பெருவிரல் படம்தான் வருகிறது. வைத்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நானும் அழுதேன். அதை உனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை, 2015 ஒக்டோபர் 14. நான் வேலையால் வந்தபோது நீ நிலத்தில் இருந்து புளூ ஜேய்ஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் மார்ட்டின் திருப்பி எறிந்த பந்து அடிக்க நின்றவரின் மட்டையில் பட்டு, எதிரணி ரெக்ஸாஸ்காரர் ஒருவர் ஓடி வந்து ஓட்டம் எடுக்க, சனம் போத்தல் எறியத் தொடங்கியது. "இதுவும் ஒரு விளையாட்டோ, நாளைக்குக் கெமிஸ்ட்ரி சோதனை" என்று ரீவியை நிறுத்தி, ரிமோட்டைக் கைப்பைக்குள் வைத்தேன். நீ ஒன்றும் பேசவில்லை. அறைக்குள் போய்ப் புத்தகத்தை விரித்தாய். கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்கக் கத்தியது, கீழே கார்கள் ஹோர்ன் அடித்தன. எங்கள் பொட்டீஸ்டா ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்ததை ஊரே பார்த்தது, நீ சுவர் வழியாகக் கேட்டாய். சோதனையில் 91 எடுத்தாய். நான் அந்த 91-ஐ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

நீ கல்கரிக்குப் போன பிறகுதான் நான் பேஸ்போல் பார்க்கத் தொடங்கினேன். வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அந்த 2015 ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸை இணையத்தில் தேடி எடுத்து முழுதாகப் பார்த்தேன். 53 நிமிடம். நான் நிறுத்தியது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது கை கூசுகிறது. உன்னைப் படிக்க வைத்தது பிழை என்று சொல்லமாட்டேன். ரிமோட்டை ஒளித்தது பிழை. நவம்பரில் சொன்னதும் பிழை.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. போவின் ஒப்பந்தத்தில் முதல் வருடம் முடிந்தும் விலகலாம், இரண்டாம் வருடம் முடிந்தும் விலகலாம் என்று போட்டிருக்கிறதாம். அப்படியானால் வருகிற குளிர்காலமே அவன் திரும்பி இங்கே வர வழி இருக்கிறதா? அப்பாவைக் கேட்டால் பகிடி விடுகிறார். மெசேஜில் எழுதாதே, எனக்கு விளங்காது. கோல் எடுத்துச் சொல்லு. எத்தனை மணியானாலும் நான் முழித்திருப்பேன்.

அம்மா