விருப்பப் பட்டியலில் எதை மேலே எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நாளிதழ்கள் கல்லூரிவாரியாகச் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை, அதாவது கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணை, வெளியிடுகின்றன. பயனுள்ள பணிதான். ஆனால் அதை வைத்துப் பொறியியல் கலந்தாய்வுக்குத் தயாராகும் குடும்பங்கள் பலவும் ஒரே தவறைச் செய்கின்றன. கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலில் பிடித்ததை மேலே எழுதாமல், கிடைத்துவிடும் என்று நம்புவதை மேலே எழுதுகிறார்கள்.

இடம் ஒதுக்கப்படும் முறையை அறிந்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவருடைய பட்டியலையும் எடுத்து, மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. பொதுப் பிரிவிலோ அவருக்குரிய இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ காலியிடம் உள்ள முதல் வரி எதுவோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறது. ஆகவே எட்டாத கல்லூரிகளை முதல் பத்து வரிகளில் எழுதினாலும் பதினோராவது வரிக்கான வாய்ப்பு இம்மியும் குறையாது. மாறாக, பாதுகாப்புக்கென்று ஒரு கல்லூரியை மேலே வைத்தால் அதற்குக் கீழே உள்ள எதுவும் பார்க்கப்படுவதில்லை. ஆசைப்பட்ட பிரிவு கீழே காலியாகக் கிடந்தாலும் கிடைக்காது. பிறகு மேல்நகர்வு, அதாவது கிடைத்ததை வைத்துக்கொண்டு அதைவிட மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பு, கேட்டும் பயனில்லை. ஒதுக்கப்பட்ட வரிக்கு மேலே எழுதியவை மட்டுமே அதில் பரிசீலிக்கப்படும். அப்படி மேலே உள்ள ஓர் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலில் எழுதவே கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் தரலாம். ஆனாலும் பத்துப் பதினைந்து வரிகளோடு நிறுத்திவிட்டு, ஒதுக்கீடே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் சுற்று வருவதற்குள் நல்ல இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

அடுத்தது கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிடப்படும் இந்த மதிப்பெண்ணை ஓர் ஆண்டிலிருந்து இன்னோர் ஆண்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் 185 எடுத்தவர், கடினமாக வந்த ஆண்டில் அதே 185 எடுத்தவரைவிட வெகுவாகப் பின்தங்கியிருப்பார். தரவரிசை எண்ணையும் வகுப்புவாரித் தரவரிசையையும் ஒப்பிடுவதே சரியான வழி. அதிலும் ஒரு கவனம் வேண்டும். 60 இடங்கள் இருந்த கணினிப் பிரிவு 180 ஆகியிருந்தால் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண் தானாகவே பெரிதாகும். கல்லூரியின் தரம் குறைந்துவிட்டதாக நினைக்கத் தேவையில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குத் தரவரிசை தனி. பொதுப் பட்டியலை மட்டும் பார்த்து, எட்டக்கூடிய கல்லூரிகளையே எழுதாமல் விட்டுவிடும் அரசுப் பள்ளி மாணவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக் குறியீடும் பாடப்பிரிவுக் குறியீடும் இருக்கும். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவிபெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இரண்டு குறியீடுகளில் வரும், கட்டணம் வேறு. வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் கலந்து வரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பை நான்காண்டுப் படிப்பென்று எண்ணித் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது.

கல்லூரியை எடைபோட, வேலைவாய்ப்பு விழுக்காட்டைவிட அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது முக்கியம். பிரிவில் சேர்ந்த அனைவரையும் வைத்தா, அரியர் இல்லாதவர்களை மட்டும் வைத்தா? ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களில் வேலை கிடைத்திருந்தால் அது ஒன்றா, இரண்டா? அதிகபட்ச ஊதியத்தை விளம்பரத்தில் போடுபவர்களிடம் ஊதிய வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற ஊதியத்தைக் கேளுங்கள். தேசிய அளவிலான தர அங்கீகாரங்களில் நாக் (NAAC) கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. (NBA) அங்கீகாரமோ தனித்தனிப் பாடப்பிரிவுக்குத் தரப்படுவது. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப்புதுப் பெயர்களில் வரும் பட்டங்கள் அரசு வேலைக்கு உரிய பட்டத்துக்கு இணையானவை என்று அரசாணை இருக்கிறதா எனச் சேரும் முன்பே பார்க்க வேண்டும். பணி நியமனத்தின்போது சான்றிதழ் சரிபார்ப்பில்தான் பலருக்கு இந்தச் சிக்கலே தெரியவருகிறது.

கடைசி இரவில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கடைக்காரர் சொல்லும் வரிசையில் பட்டியலைப் பூட்டிவிடும் வழக்கம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பதிவு செய்யும் கைபேசி எண் குடும்பத்துடையதாக இருக்க வேண்டும், ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுத் தகவலும் அந்த எண்ணுக்கே வரும். பட்டியலை முதலில் தாளில் எழுதி, இரண்டு நாள் வீட்டில் பேசி, அதன்பிறகு கணினியில் ஏற்றட்டும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டல் கூட்டங்களில் உரைகளைக் குறைத்துக்கொண்டு, பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே மாணவர்களை ஒரு மாதிரி விருப்பப் பட்டியல் தயாரிக்கச் செய்யலாம். சென்ற ஆண்டுத் தரவரிசையைக் கொண்டு, அந்தப் பட்டியலுக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று காட்டினால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். தங்கள் நாளிதழும் இந்த ஆண்டு கட்-ஆஃப் அட்டவணையில் கடைசித் தரவரிசை எண்ணுக்கும் மொத்த இடங்களுக்கும் இரண்டு பத்திகள் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புக் கணித ஆசிரியர் ஒருவர்