அண்ணனுக்கு, போனை வைத்தவள் எழுதுவது

அண்ணே,

கடற்கொள்ளைக்காரர்கள் கையில் அகப்பட்டுத் திரும்பி வந்த நீ, அடுத்த மாதம் மறுபடி கப்பல் ஏறுகிறாய் என்று மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபம் இருக்கிறது. அதை அப்புறம் பேசலாம்.

'எ ஹைஜாக்கிங்' படத்தை நேற்று ராத்திரி முழுசாகப் பார்த்து முடித்தேன். 2012-ல் டோபியாஸ் லிண்ட்ஹோம் எடுத்த டேனிஷ் படம், கொள்ளைக்காரர்கள் கடத்திய சரக்குக் கப்பலின் கதை. நீ பாதியிலேயே லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போனாயே, அதுதான். சமையல்காரன் மிக்கெலை ஆடு அறுக்கச் சொல்கிற இடத்தில் மூடினாய். வீட்டில் கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஏன் துறைமுகப் பக்கம் போய்விடுகிறாய் என்று அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

நேரில் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன்னோடு இருந்தவர்களின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். கப்பல் பெயர், கம்பெனி பெயர், எவ்வளவு கைமாறியது, யார் பேசினார்கள், எதுவும் இதில் வராது. சம்பள பாக்கி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, வாயை விட்டு எதையும் கெடுக்க விரும்பவில்லை.

நீ பார்க்காத பாதியைச் சொல்கிறேன். கொள்ளைக்காரர்கள் கப்பலில் ஏறுவதை அந்தப் படம் காட்டுவதே இல்லை. கோபன்ஹேகன் ஆபீசுக்குத் தகவல் வருகிறது, அவ்வளவுதான். நம் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. அவர்கள் கேட்பது ஒன்றரைக் கோடி டாலர், கம்பெனி முதலில் சொல்வது இரண்டரை லட்சம். வெளியாள் பேசட்டும் என்று ஆலோசகர் சொல்லியும் கேட்காமல் முதலாளி பீட்டர் தானே போனைப் பிடிக்கிறார். அந்த ஆலோசகராக வருபவர் நடிகர் இல்லை, நிஜத்திலும் அதே தொழில் செய்தவர். அவர் முகத்தில் பரபரப்பே இல்லை. அதைப் பார்த்ததும் நமக்கு யோசனை சொன்னவரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு கட்டத்தில் பீட்டருக்குப் பொறுமை போய்விடுகிறது. போனிலேயே கத்திவிடுகிறார். அந்தப் பக்கம் துப்பாக்கி வெடிக்கிறது, லைன் போய்விடுகிறது. சமையல்காரன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்ப ஓடவிட்டேன்.

நீ அவர்கள் கையில் இருந்த 2011 ஏப்ரல். சோமாலியக் கொள்ளைக்காரர்கள் கடத்திய ஆஸ்பால்ட் வெஞ்சர் கப்பலுக்குப் பணம் போய்ச் சேர்ந்த பிறகும் ஏழு இந்தியர்களை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்த வாரம். நம் கடற்படை பிடித்து வைத்திருக்கும் அவர்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். பணம் கொடுத்தாலும் நீ வருவாய் என்று நிச்சயமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த ஏழு பேர் விடுதலையாக 2014 அக்டோபர் ஆனது.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம், குக்கரை இறக்கி வைத்த நேரம், 88216 என்று ஆரம்பிக்கிற சாட்டிலைட் போன் நம்பர். "பாப்பா" என்றாய். நான் "அண்ணே" என்றது எனக்கே திரும்பக் கேட்டது, அதற்கப்புறம்தான் உன் குரல் வந்தது. தண்ணி துருவாடை அடிக்குது என்றாய். அரிசி தீரப்போகுது, அவனுங்களுக்கும் நான்தான் வடிக்கணும் என்றாய். பின்னால் யாரோ அதட்டினான், நீ அழ ஆரம்பித்தாய். அம்மா கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், விரலெல்லாம் தோசைமாவு. சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்: "எங்ககிட்ட ஒண்ணுமில்ல, கம்பெனிகிட்ட பேசுங்க." வைத்துவிட்டேன்.

வீட்டாளை அழவைக்கத்தான் உன்னைப் பேச விடுகிறார்கள், அழுதால் விலை ஏறும், நாள் கூடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். உன் காதில் அந்த வாக்கியம் எப்படி விழுந்திருக்கும் என்பதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணே. வைத்ததற்காகக் கேட்கவில்லை. பீட்டர் மாதிரி நானும் கத்தியிருந்தால், அழுதிருந்தால், அம்மா கையில் கொடுத்திருந்தால்?

ஆனால் நீ என்ன செய்தாய்? "தங்கச்சி போனை வச்சுட்டா" என்று சித்தப்பா வீட்டில் சொன்னாய். ஊருக்கே தெரிந்தது. எனக்குக் கல்யாணம் பேச வந்த இடத்தில் அதைக் கேட்டார்கள். இங்கே எங்களுக்கு எப்படிப் போனது என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அம்மா அதற்கப்புறம் அந்தப் போன் பக்கத்தில்தான் படுப்பாள், என்னோடு பேச மாட்டாள். பீட்டராவது ஆபீசே கதியென்று கிடந்தார். நம்முடைய முதலாளி நம்பரையே மாற்றிக்கொண்டார்.

படத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் படப்பிடிப்பு நடந்த எம்.வி. ரோசன் கப்பலையே 2007 பிப்ரவரியில் சோமாலியாவின் பன்ட்லாந்து பக்கம் நிஜமாகக் கடத்தியிருக்கிறார்கள், ஐ.நா. உணவு உதவியை இறக்கிவிட்டு வரும்போது. அதில் இருந்தவர்கள் ஆறு இலங்கைக்காரர்கள், ஆறு கென்யாக்காரர்கள். படத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு நம் மனதில் நிற்பவர்கள் டேனிஷ்காரர்கள் மட்டும். மற்ற மாலுமிகளின் வீட்டில் யார் போனை எடுத்தார்கள் என்று காட்டவே இல்லை. அந்த வீட்டைத்தான் நான் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தேன்.

2024 மார்ச்சில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா, கொள்ளைக்காரர்கள் பிடித்திருந்த ரூயென் கப்பலிலிருந்து 17 பேரை மீட்ட செய்தியை நீ குடும்ப குரூப்பில் போட்டாய். "இப்ப நேவி இருக்கு" என்று கீழே எழுதினாய். அது அம்மாவுக்காக என்று தெரியும். அந்தக் கப்பல் மூன்று மாதம் அவர்கள் கையில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல மாட்டேன். சமையல்கட்டில் நீ நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது, இந்த வீட்டு அடுப்பு உனக்குப் போதவில்லை.

கம்பெனி ஃபாரத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் இந்தத் தடவை மதினி பெயரை எழுது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். பிள்ளையை வைத்துக்கொண்டு அவளால் முடியாது. என் பெயரையே எழுது. நீ கூப்பிட்டால் அன்றைக்குச் சொன்னதையேதான் சொல்லுவேன், அதைத் தெரிந்துகொண்டு எழுது.

பாப்பா